கால்பந்து எழுதுகிறவர்களுக்குத் தமிழ் லெக்சிகன்

விளையாட்டுச் செய்தி எழுதுகிற எல்லாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்கிற பேரகராதியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் முழுசாகக் கிடைக்கிறது, காசு கிடையாது.

குமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர் கடற்கரைப் பக்கம் கால்பந்துதான் எல்லாம். அந்தப் போட்டிகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். ஜெயித்ததை எழுதுவது சுலபம், ஆனால் ஒரு டீம் 90 நிமிடமும் பந்தைத் தன் காலிலேயே வைத்து எதிரணியை அலைக்கழித்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றுப்போகும் பாருங்கள், அதை எழுதத்தான் சரியான வினைச்சொல் வேண்டும். போனில் இருந்த ஒரு இலவச ஆப் எதைக் கேட்டாலும் ‘தோற்கடி’ என்றே தந்தது. ஸ்கோரில் பின்தங்கியவன் யாரைத் தோற்கடித்தான்?

லெக்சிகனில் விஞ்சு, மிஞ்சு இரண்டையும் போட்டுப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் இருக்கும். விஞ்சு-தல் பக்கத்தில் 5 என்று ஒரு எண் வரும். ஓடு, ஓடினான் மாதிரி விஞ்சினான் என்று வரும் வினை என்பதற்கு அடையாளம் அது. மிஞ்சு என்பதற்கு மீதியாவது என்ற பொருளும் உண்டு, ‘குருவை மிஞ்சிய சிஷ்யன்’ என்கிற அதே வாயால்தான் ராத்திரி மிஞ்சின சோறு என்கிறோம். அதனால் நான் ‘ஆட்டத்தில் எதிரணியை விஞ்சினார்கள், கோல்தான் விழவில்லை’ என்று எழுதுகிறேன். தோற்றவர்களுக்கும் நியாயம் கிடைக்கிறது. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் விஞ்சியதை மலையாளத்தில் ‘கடத்திவெட்டி’ என்பார்கள், நம் பையன்களும் அப்படியே சொல்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் கடத்தி என்றாலே ஆள்கடத்தல்தான் நினைவுக்கு வரும், செய்தியில் வேண்டாம்.

ஒரு குறை உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி இது, மேற்கோள்கள் எல்லாம் பழைய இலக்கியம். ‘சாதனையை முறியடித்தார்’ என்பது போன்ற இன்றைய வழக்குக்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியைக் காசு கொடுத்தாவது வாங்குங்கள், அதில் நாம் இப்போது எழுதுகிற வாக்கியங்களே எடுத்துக்காட்டாக இருக்கும். ஆனால் ஒரு சொல்லின் வேர் வரைக்கும் பார்க்க லெக்சிகன்தான். பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர் என்பதில் எங்கள் பக்கத்தாருக்குத் தனிப் பெருமை.

அப்புறம், தேடும்போது ‘விஞ்சினார்கள்’ என்று அடித்தால் கிடைக்காது, ‘விஞ்சு’ என்று பகுதியை மட்டும் அடியுங்கள்.