சிபில் 580, அவசரத் தேவை ஐம்பதாயிரம்: யாரிடம் வாங்கினால் என்ன போகும்?

வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதைப் பார்த்துப் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். 300-இல் தொடங்கி 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் வங்கிக்காரர்களே கூப்பிடுவார்கள். 600-க்குக் கீழே இறங்கிவிட்டால் வங்கி கையை விரித்துவிடும். அன்று சாயங்காலமே போனில் "சிபில் தேவையில்லை, 5 நிமிடத்தில் பணம்" என்று மெசேஜ் வரும். தெருவில் தண்டல்காரர் வண்டியை நிறுத்துவார். சொந்தக்காரர் ஒருவர், தெரிந்த இடத்தில் மூணு வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்பார். கடன் கிடைக்காத ஆளுக்குத்தான் கடன் தருகிறோம் என்று அதிகம் பேர் வருவார்கள். இதில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

எல்லாவற்றையும் ஒரே படியில் அளக்க வேண்டும். ஒருவர் வருடத்துக்கு 18 சதவீதம் என்கிறார், ஒருவர் நாளுக்கு நூறு ரூபாய் என்கிறார், இன்னொருவர் சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான் என்கிறார். நம் ஊரில் காலம்காலமாக இருக்கும் 'நூற்றுக்கு எத்தனை வட்டி' என்ற அளவே இதற்குப் போதும். ஒரு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். மூணு வட்டி என்றால் 36. பத்திரத்தில் எழுதிய தொகையை விட்டுவிட்டு, கைக்கு வந்த பணத்துக்கு மட்டும் வட்டி பாருங்கள். கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு தவணை தவறினால் என்னிடமிருந்து எது போகும்?

முதலில் தண்டல். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவின் காசு டப்பாவுக்குள் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். நூறு கட்டம். ராத்திரி எட்டு மணிக்கு ஆள் வருவார், நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சட்னி எண்ணெய் பட்டு அட்டையின் ஓரம் மஞ்சளாகிவிட்டது. "எவ்ளோக்கா புடிச்சுக்கிட்டாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பத்துக்கு ஆயிரத்தஞ்ஞூறு தம்பி. எல்லாருக்கும் அதான்" என்றார்.

அதாவது கைக்கு வந்தது 8,500. நூறு நாளில் திருப்பிக் கட்டுவது 10,000. ஆயிரத்து ஐந்நூறுதானே என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே கரைகிறது. ஐம்பதாவது நாளில் அவர் கையில் இருக்கும் கடன் பாதிக்குப் பக்கம்தான். வட்டியோ முழுத் தொகைக்கும் முதல் நாளே எடுத்தாகிவிட்டது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பத்து வட்டி, வருடத்துக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது.

இதைவிடக் கொடுமை அறுபதாவது நாளில் நடக்கும். "புதுக் கணக்கு போட்டுக்கலாமா?" என்பார்கள். புதிதாகப் பத்தாயிரம். அதில் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 4,000 கழிவு, கைக்கு வருவது 4,500. பழைய பாக்கிக்கான வட்டியை ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாகிவிட்டது, அதே நாலாயிரத்துக்கு மறுபடியும் பிடிக்கிறார்கள். அக்கா இப்படி எத்தனை அட்டை மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

தண்டல் ஏன் ஓடுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அன்றன்று வியாபாரம் செய்பவரால் மாதக் கடைசியில் மொத்தமாக ஐயாயிரம் எடுத்துவைக்க முடியாது, தினம் நூறு முடியும். அந்தச் சௌகரியத்தை எந்த வங்கியும் அவருக்குத் தரவில்லை. ஆனாலும் விலை பத்து வட்டி. மழை பெய்து கடை போடாத நாளிலும் எட்டு மணிக்கு ஆள் வந்துவிடுவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிக்கணக்கு வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் தீக்கு இரையானார்கள். அதற்கு முன் கந்துவட்டித் தொல்லை பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்த குடும்பம் அது. மீட்டர் வட்டியை நான் ஒப்பீட்டுக்கே எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது போனில் வரும் ஏழு நாள் கடன். 5,000 கடன் என்று காட்டும், கணக்கில் 3,000 விழும், ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். மூவாயிரத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டாயிரம் வட்டி. மாதக் கணக்கில் சொன்னால் 285 வட்டி. கந்துவட்டிக்காரரே கேட்காத விலை இது. தவறினால் போவது உங்கள் போனில் இருக்கும் அத்தனை பேரின் முன்னாலும் உங்கள் மானம். ஆப்பை ஏற்றும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆப்பில் வரும் கடன் எல்லாமே இப்படி இல்லை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து, 2025-இல் திரட்டி வெளியிட்ட விதிகளை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். பணம் வங்கியிலிருந்தோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலிருந்தோ நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் தொடர்பு எண்களை ஆப் கேட்கவே கூடாது. குறைந்தது ஒரு நாளாவது, அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிக் கொடுத்து விலகும் வசதி இருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அப்படிப்பட்ட ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு வந்த ஆப் அதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1930-க்கு அழைத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். மிரட்டலுக்குப் பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்காதீர்கள்.

முறையான நிதி நிறுவனத்தின் தனிநபர் கடனுக்கு வருவோம். இங்கே மிரட்டல் இல்லை, ரசீது உண்டு, ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம், ஒரு வருடம், 'ஃபிளாட்' 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9,000. மாதத் தவணை 4,917. ஒன்றரை வட்டிதானே என்று தோன்றும். பன்னிரண்டாவது மாதம் உங்களிடம் இருக்கும் அசல் நாலாயிரத்துச் சொச்சம்தான், வட்டியோ ஐம்பதாயிரத்துக்கே போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்குப் பார்த்தால் உண்மையில் இது 32 சதவீதத்துக்குப் பக்கம். புராசஸிங் கட்டணம் 3 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி என்று 1,770 ரூபாயை முதலிலேயே பிடித்தால் 39 சதவீதம். அதாவது மூணேகால் வட்டி. 18 என்று எழுதியதும் 39 ஆவதும் ஒரே கடன்தான்!

2024 அக்டோபர் 1 முதல் தவணையில் கட்டும் சில்லறைக் கடன்களுக்கு கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். கட்டணம், தலையில் கட்டும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த வருட விலை அது. மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள், பன்னிரண்டால் வகுங்கள். எத்தனை வட்டி என்று தெரிந்துவிடும். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் சிபிலில் பதிவாகி, இருக்கும் 580-ஐயும் கீழே இழுக்கும்.

வீட்டில் கொஞ்சம் தங்கம் இருந்தால் கணக்கே மாறிவிடும். சின்ன நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஸ்கோர் தடையாக நிற்பதில்லை, நகைதான் பேசும். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஐம்பதாயிரத்துக்கு ஒரு வருட வட்டி, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒன்பதரை சதவீதம் என்றால் 4,750. தெருவில் இருக்கும் அடகுக்கடையில் இரண்டு வட்டி என்றால் 12,000, மூணு வட்டி என்றால் 18,000. தனியார் நகைக்கடன் நிறுவனங்கள் இடையில் நிற்கின்றன. அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மாதாமாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், சில மாதம் விட்டால் விகிதம் ஏறிவிடும். போர்டில் எழுதியிருப்பது தவறாமல் கட்டுபவருக்கான விகிதம்.

வங்கியில் அரை நாள் காத்திருக்க வேண்டும், அடகுக்கடையில் பத்து நிமிடம். அந்த அரை நாளுக்கு விலை ஏழாயிரம் ரூபாய். எனக்குத் தெரிந்து பலர் வங்கிக்குப் போகாததற்குக் காரணம் வட்டி தெரியாமல் இல்லை. தோட்டைக் கழற்றிக் கவுன்டரில் வைக்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான்.

ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் வாங்குபவர் பக்கம் கொஞ்சம் நிற்கின்றன. எல்லா வங்கியும் நிதி நிறுவனமும் இவற்றுக்கு மாற வைத்த கெடு 2026 ஏப்ரல் 1. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கடனை அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும், அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் போனால் கடன் போக மிச்சத்தை உங்களிடம் கொடுக்க வேண்டும். 85 சதவீதம் கிடைக்கிறதே என்று முழுசாக வாங்காதீர்கள். அதிகம் வாங்கினால் மீட்பது அவ்வளவு தூரம் போய்விடும், வருடக் கடைசியில் திருப்பி வைக்கத்தான் ஓட வேண்டியிருக்கும்.

நகை இல்லாத வீடுகளுக்குப் பெண்கள் குழுதான் வழி. ஆனால் 'குழு' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுவில், உறுப்பினர்கள் சேர்த்த பணத்தையே தங்களுக்குள் ஒன்று, இரண்டு வட்டிக்குச் சுற்றுக்கு விடுகிறார்கள். கட்டும் வட்டி குழுவின் சேமிப்புக்கே திரும்புகிறது. மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியின் குழு வேறு. வட்டி சுமார் இரண்டு. ஐம்பதாயிரத்தை 24 சதவீதத்தில் இரண்டு வருடத்தில் கட்டினால் மாதம் 2,644, மொத்த வட்டி 13,445. அவர்களும் சிபில் போன்ற நிறுவனங்களில் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்கள், அதனால் கிடைக்காமலும் போகலாம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். தவணை வசூலிக்கும் சென்டர் மீட்டிங் முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்கள் உங்களுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே தவறினால் போவது அந்தத் தெருவில் உங்கள் முகம். வசூலுக்குக் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ வரக் கூடாது என்பது விதி, சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஒரு கம்பெனிக் கடனை அடைக்க இரண்டாவது கம்பெனிக் குழுவில் சேரவே சேராதீர்கள்.

எல்.ஐ.சி. பாலிசி பழையதாக இருந்தால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே போங்கள். சரண்டர் மதிப்பில், அதாவது பாலிசியை இன்றே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகையில், 90 சதவீதம் வரை கடன், வட்டி ஒன்றுக்கும் கீழே, ஸ்கோர் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்காமல் கடனே பேசாதீர்கள். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை அதில் உண்டு.

என் தேர்வைக் கேட்டால்: பாலிசி, வங்கி அல்லது கூட்டுறவு நகைக்கடன், சொந்தச் சுய உதவிக் குழு. இவை மூன்றும் இல்லையென்றால் ஏ.பி.ஆர். பார்த்துவிட்டு ஒரே ஒரு நிறுவனக் கடன். தண்டல் வரை போக வேண்டி வந்தால், புதுக் கணக்கு மட்டும் போடாதீர்கள். நூறாவது கட்டத்தோடு அட்டையை முடித்துவிடுங்கள்.

இட்லிக்கடை அக்கா போன ஆடியில் அரைப் பவுன் தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து அட்டையை அடைத்தார். எட்டு மணிக்கு ஆள் வருவதில்லை. அந்த நூறு ரூபாயைத் தினமும் அதே டப்பாவில் தனியாக ஒரு டம்ளரில் போட்டு வைக்கிறார், தோட்டைத் திருப்ப.