'ஆஸ்' போடுவதா, 'தட்' போடுவதா?

என்னிடம் ஆங்கிலம் கற்கும் ஒரு பெண், மிக்சி ஜாடி உடைந்துவிட்டதால் வேறு ஜாடி கேட்டுக் கடைக்கு ஒரு மெயில் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். 'ஐ நீட் தி சேம் ஜார் விச் ஐ பாட் லாஸ்ட் இயர்.' போன வருஷம் வாங்கியது போலவே ஒரு ஜாடி வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் படித்தால், உடைந்த ஜாடியையே திரும்பக் கேட்பது போலத் தொனிக்கிறது.

இந்தத் தடுமாற்றம் நம் எல்லோருக்கும் வருவதுதான். தமிழில் இந்த இடத்துக்கு இணைப்புச் சொல்லே தேவையில்லை. 'நான் வாங்கிய ஜாடி' என்றால் 'வாங்கிய' என்ற பெயரெச்சமே வேலையை முடித்துவிடும். ஆங்கிலத்துக்குப் போனதும் 'ஆஸ்', 'தட்', 'விச்', 'ஹூ', 'வாட்' என்று வரிசையாக வந்து நிற்கின்றன. பழக்கதோஷத்தில் 'விச்' முந்திக்கொள்கிறது. 'சேம் வந்தால் ஆஸ், சச் வந்தால் ஆஸ்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அது பாதி தூரம்தான் கூட்டிப்போகும். முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்தால் மட்டும் போதாது, பின்னால் என்ன வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

'சேம்' என்பதற்குப் பின் 'ஆஸ்', 'தட்' இரண்டுமே வரலாம். 'தட்' போட்டால் 'அந்தப் பொருளேதான்' என்ற பக்கம் சாயும்; 'ஆஸ்' போட்டால் 'அதே வகை' என்ற பக்கம். நடுவே கறாரான வேலி எதுவும் இல்லை, ஆங்கிலம் தாய்மொழியானவர்களே கலந்துதான் பேசுகிறார்கள். ஆனாலும் நமக்குத் தமிழிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 'அதே மாதிரி' என்று சொல்ல முடிந்தால் 'ஆஸ்'. வெறும் 'அதே'தான் பொருந்துகிறது என்றால் 'தட்'. நேற்று வந்த அதே ஆள் என்றால் 'தி சேம் மேன் தட் கேம் யெஸ்டர்டே'. ஆள் என்பதால் 'ஹூ' இன்னும் இயல்பு.

வினைச்சொல் இல்லாமல் முடிந்துவிட்டால் போட்டியே கிடையாது. 'தி சேம் பென் ஆஸ் மைன்' என்பது சரி. 'தட் மைன்' நிற்கவே நிற்காது, ஏனென்றால் 'தட்'டுக்குப் பின்னால் ஒரு வினை வந்தே ஆக வேண்டும். மிக்சி மெயிலில் 'தி சேம் ஜார் ஆஸ் தி ஒன் ஐ பாட்' என்று மாற்றச் சொன்னேன். சந்தேகத்துக்கு அதில் இடமே இல்லை.

அடுத்தது 'சச்'. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'ஹி டோல்ட் சச் எ ஸ்டோரி ஆஸ் நோபடி பிலீவ்ட்.'
'ஹி டோல்ட் சச் எ ஸ்டோரி தட் நோபடி பிலீவ்ட் இட்.'

முதலாவது, யாரும் நம்பாத மாதிரியான ஒரு கதையைச் சொன்னான். இரண்டாவது, அவன் சொன்ன கதை எப்படிப்பட்டது என்றால், அதை யாருமே நம்பவில்லை. இரண்டாவதின் கடைசியில் ஒரு சின்ன 'இட்' உட்கார்ந்திருக்கிறது, முதலாவதில் அது இல்லை. முழு ரகசியமும் அதில்தான். 'ஆஸ்' இங்கே 'கதை' என்பதற்குப் பதிலாகவே நிற்கிறது. அதனால் 'இட்' போட்டால் கதையை இரண்டு தடவை சொன்னதாகிவிடும். 'தட்' அப்படி இல்லை. அது விளைவைச் சொல்லும் வெறும் கொக்கி, எதற்கும் பதிலாக நிற்காது. அதனால் நம்பப்பட்ட பொருளைத் தனியாக 'இட்' என்று சொல்லியே தீர வேண்டும். வாக்கியத்தின் வாலில் 'இட்', 'தெம்' தேவைப்படுகிறதா என்று பார்த்தாலே எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதே 'சச்'சுக்குப் பின் 'விச்' போடுவதை நம் ஊர் ஆங்கிலத்தில் நிறையப் பார்க்கிறேன். 'சச் புக்ஸ் விச் ஐ ஹேவ்' என்பது தவறு. 'சச் புக்ஸ் ஆஸ் ஐ ஹேவ்' இலக்கணப்படி சரி, ஆனால் கொஞ்சம் விறைப்பான நடை. சாதாரணக் கடிதம் என்றால் 'தி புக்ஸ் ஐ ஹேவ்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

'பெஸ்ட்', 'பிக்கஸ்ட்' போன்றவற்றோடு 'விச்' ஒட்டாது, 'தட்' ஒட்டும். 'தி பெஸ்ட் டீ தட் ஐ ஹேவ் எவர் ஹேட்.' இந்த வாக்கியத்தில் 'தட்'டையும் விட்டுவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அப்புறம் 'தேன்', அதாவது 'விட' என்ற பொருளில் வருவது. 'பரீட்சை நான் நினைத்ததை விட ஈஸி' என்பதை 'ஈசியர் தேன் வாட் ஐ தாட்' என்று எழுதுகிறோம். 'நினைத்தது' என்பது தமிழில் ஒரு பெயர். அதற்கு ஈடாக ஏதாவது வேண்டுமே என்று கை தானாக 'வாட்'டைத் தேடுகிறது. ஆங்கிலத்தில் 'தேன்' நேராக வாக்கியத்தோடு சேர்ந்துகொள்ளும். 'ஈசியர் தேன் ஐ தாட்', அவ்வளவுதான். 'தேவைக்கு மேல் சோறு' என்பதற்கும் 'மோர் ரைஸ் தேன் வாஸ் நீடட்' போதும். 'யாரை விட' என்ற பொருளில் 'தேன் ஹூம்' என்ற ஒரு பழைய வடிவமும் உண்டு. 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

ஆனால் 'வாட்'டை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. 'டிஃபரன்ட் ஃப்ரம் வாட் ஐ தாட்' என்பதில் அது கட்டாயம் வேண்டும். 'ஃப்ரம்' தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்கும் சொல். 'நினைத்தது' என்ற நம் பெயருக்கு அங்கே 'வாட்'தான் சரியான ஜோடி.