ரெட் பேக் புக்: பல வருடமாகக் கேட்கும் ஒரு ராக்டைம் தட்டு

ராக்டைம் என்கிற பழைய அமெரிக்க இசை என்றால் தனிப் பியானோதான் என்று இருப்பவர்கள் இந்த இசைத்தட்டைக் கேட்கவேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்காட் ஜோப்ளினின் ராக்குகளை (ராக்டைம் உருப்படிகளை) ஒரு சின்ன வாத்தியக் குழு வாசிக்கும் தட்டு, 1973இல் ஏஞ்சல் நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர்கள் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி மாணவர்கள். நடத்தியவர் அப்போது அதன் தலைவராக இருந்த குந்தர் ஷுல்லர். அறையிசை (சேம்பர் மியூசிக்) பிரிவில் கிராமி வாங்கியது.

ஜோப்ளினின் பதிப்பாளர் ஜான் ஸ்டார்க், பியானோ ராக்குகளை நடனக் குழுக்களுக்காக வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து எழுதவைத்து, தொகுதியாக விற்றார். அதன் சிவப்பு அட்டையைப் பார்த்துக் குழுக்காரர்கள் வைத்த பெயர்தான் தட்டின் தலைப்பு. ஷுல்லர் எடுத்து வாசிக்கவைத்தது அந்தப் பழைய இசைத்தாள்களைத்தான்.

வாங்கிய புதிதில் ‘தி என்டர்டெய்னர்’ மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அதே வருடம் வந்த ‘தி ஸ்டிங்’ படத்தால் உலகமெல்லாம் தெரிந்த மெட்டு. சலிக்கவும் சீக்கிரம் சலித்தது. இப்போது அதைத் தாண்டிப் போய்விடுகிறேன். நிலைத்தது ‘தி காஸ்கேட்ஸ்’. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியின் செயற்கை அருவிகளுக்காக ஜோப்ளின் எழுதியது.

காது மெட்டிலிருந்து மெல்ல உள்ளே இறங்க வருடங்கள் ஆயின. பியானோவில் இடது கை ஒன்றே ‘தும்-சக்’ என்று தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ‘தும்’ ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்திடமும் டபுள் பேஸிடமும் போகிறது, ‘சக்’ நடுச் சுருதியில் வாசிக்கும் தந்தி வாத்தியங்களிடம். மேலே கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எடுப்பைத் தள்ளித் தள்ளிப் போடும்போது, கீழே ஒருவரும் அசைந்துகொடுப்பதில்லை. அந்த இழுபறிதான் ராக்டைம். பத்து விரலில் அடங்கியிருந்ததைப் ஒரு குழுவே பங்குபோட்டுக்கொண்டால்தான் அது தெளிவாகக் கேட்கிறது.

ஆகவே ஸ்பீக்கர் முக்கியம். உள்ளங்கை அளவு புளூடூத் பெட்டியில் ட்யூபா காணாமல் போய், மிச்சம் கீச்சுக்குரலாகிவிடும். நல்ல ஹெட்போன் இருந்தால் நடுவிலுள்ள தந்திகள் வரைக்கும் பிரித்துக் கேட்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய எல்லா ராக்கும் பதினாறு அளவை (தாளச் சுற்று) கொண்ட துண்டுகளின் அடுக்கு. பெரும்பாலான துண்டு இரண்டு முறை வரும். ஒரு பக்கத்தை முழுதாக ஓட்டினால் நாலாவது உருப்படிக்குள் எல்லாம் ஒன்றுபோலாகிவிடுகிறது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு கேட்டுவிட்டு நிறுத்துவது என் வழக்கம். இன்னொன்று, வாசிப்பு ரொம்பச் சுத்தம். நடனக் கூடத்துக்கு எழுதிய இசையில் கொஞ்சம் வியர்வை வாடை வேண்டாமா? மாணவர்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வாசிக்கிறார்கள். ஆனால் ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்று ஜோப்ளின் தன் தாள்களில் அச்சிட்டே எச்சரித்தவர். அதை இவர்கள் மதித்திருக்கிறார்கள். அதற்கே பாதிக் குறையை மன்னிக்கலாம்.

சிடியாகவும் வந்திருக்கிறது. பழைய எல்பி வாங்குவதானால் மெல்லிய இடங்களை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், கீறலும் தந்திகளும் ஒரே இடத்தில்தான் மோதும். இது பிடித்துப்போனால் அடுத்து ரிக் பெஞ்சமினின் பாராகன் ராக்டைம் ஆர்க்கெஸ்ட்ரா. பழைய அமெரிக்க பேண்ட் தலைவர் ஆர்தர் பிரையரின் வாத்திய இசைத்தாள்கள் அவர் கையில் கிடைத்ததால் உருவான குழு அது. ஜோப்ளினுக்கு வெளியேயும் நிறைய வாசிக்கிறார்கள்.