ஒவ்வொரு பேட்டரிக்கும் தனிக் கணக்கு: ஓபஸ் பிடி-சி3100 சார்ஜர்

வார இறுதிகளில் கல்யாணப் படம் எடுப்பவள் நான். ஃபிளாஷ் ஒன்றுக்கு நான்கு ஏஏ பேட்டரி வேண்டும். மாமாவின் ரத்த அழுத்தக் கருவிக்கு இன்னும் நான்கு. சின்னவனுடைய ரயில் பொம்மை, கூடத்து மின்விசிறியின் ரிமோட், கம்பியில்லாத மவுஸ் என்று சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நாலறை வீட்டில் மூலைக்கு மூலை பேட்டரிதான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நல்ல சார்ஜர் தேடி ஓபஸ் பிடி-சி3100 வாங்கினேன். தைப்பூசம், தீபாவளி, முகூர்த்த மாதங்கள் எல்லாவற்றையும் அதை வைத்தே ஓட்டிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பேட்டரியோடு சேர்த்துக் கட்டி விற்கும் மலிவு சார்ஜர்கள் பல, இரண்டிரண்டு பேட்டரியாகத்தான் சார்ஜ் ஏற்றும். பாதி தீர்ந்த ஒன்றையும் முழுக்கத் தீர்ந்த ஒன்றையும் சேர்த்துப் போட்டால் இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம்தான் போகும். குறிப்பிட்ட மணி நேரம் ஆனதும் நின்றுவிடும். பாதி இருந்தது அளவுக்கு மீறி ஏறிச் சூடாகும், மற்றது நிறையாமலே வெளியே வரும். அந்த நான்கையும் ஃபிளாஷில் போட்டால் முதலில் தீர்வது அந்த நிறையாத பேட்டரி. மற்ற மூன்றும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் துருவம் தலைகீழாகி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். ஒரு செட்டில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் சாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பேட்டரியின் தரத்தைக் குறை சொல்லும் முன் சார்ஜரைப் பாருங்கள்.

ஓபஸில் நான்கு இடங்கள். நான்கும் தனித்தனி. ஒன்றில் ஏஏ, பக்கத்தில் ஏஏஏ, அடுத்ததில் லித்தியம் டார்ச் பேட்டரி என்று கலந்தே போடலாம். எத்தனை மில்லியாம்பியர் ஓடுகிறது, எவ்வளவு நேரமாயிற்று, எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை வோல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் எண் வரும். நான் இதை வாங்கியதே அந்த எண்களுக்காகத்தான்.

இதில் ஒரு சோதனை முறை உண்டு. பேட்டரியை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, இறங்கும்போது எவ்வளவு வந்தது என்று அளந்து சொல்லிவிட்டு மறுபடி ஏற்றி வைக்கும். அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதன்பிறகு எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. என்னிடம் இருந்த ஒரு பழைய எனலூப் செட்டில் (மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் பேட்டரி அது) மூன்று பேட்டரிகள் 1,900 மில்லியாம்பியர்-மணியை, அதாவது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கில் 1,900-ஐ, ஒட்டி நின்றன, ஒன்று மட்டும் 1,400-ஐத் தாண்டவில்லை. அந்த ஒன்றைப் பிரித்து ரிமோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஃபிளாஷ் பையில் சமமானவை மட்டும் வைத்துக்கொண்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் ஃபிளாஷ் மறுபடி தயாராக நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டால் அந்தப் படம் போனது போனதுதான், மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. நல்ல நிக்கல் பேட்டரியின் உள்தடை குறைவு. அதனால், ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப்போடும் சாதாரண அல்கலைனைவிட ஃபிளாஷ் சீக்கிரம் தயாராகும். செட் சமமாக இருந்தால் அந்த வேகம் வரவேற்பு முடியும்வரை நிற்கும்.

இன்னொன்றையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 3,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட ஏஏ பேட்டரிகள் மலிவாக வாங்கியிருந்தேன். அளந்து பார்த்தால் 1,100. எனலூப்பின் சாதாரண ஏஏ சுமார் 2,000, கூடுதல் கொள்ளளவு கொண்ட எனலூப் ப்ரோ சுமார் 2,500. அதற்கு வெகுவாக மேலே அச்சிட்டிருந்தால் என் பணத்தை நான் கொடுக்க மாட்டேன்.

மெதுவாக ஏற்றினால் பேட்டரிக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். நிக்கல் பேட்டரிக்கு இது அப்படியே பொருந்தாது. பேட்டரி நிறைந்ததும் உள்ளே போகும் மின்சாரம் வெப்பமாக மாறத் தொடங்கும், அப்போது மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டும் இறங்கும். நல்ல சார்ஜர் அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்துத்தான் நிறுத்துகிறது. ரொம்பக் குறைந்த மின்சாரத்தில் ஏற்றினால் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது, சார்ஜர் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 2,000 அளவுள்ள ஏஏ-வுக்கு 700 அல்லது 1,000 மில்லியாம்பியர் வைக்கிறேன். 800-க்குள் இருக்கும் ஏஏஏ-வுக்கு 300 அல்லது 500. பேட்டரியைச் செருகியதும் இந்த சார்ஜர் தானாக 500-க்குப் போகும், சில நொடிக்குள் மாற்றாவிட்டால் அதிலேயே ஓடும். கடைசியாக வைத்ததை நினைவில் வைத்திருக்கலாம் என்பது என் ஆசை. பொத்தான்களும் பழகும்வரை கொஞ்சம் குழப்பும்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அறையே 31, 32 டிகிரியில் இருக்கும்போது பேட்டரி தொடங்குவதே சூட்டில்தான். ஓபஸுக்குள் ஒரு குட்டி விசிறி இருக்கிறது, சூடு ஏறினால் ஓடத் தொடங்கும். சத்தம் கேட்கும், படுக்கையறையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சேவை முற்றத்துக்குப் பக்கத்தில், காற்று வருகிற இடத்தில், ஓட்டுத் தரைமேல் வைத்துப் பகலில் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுகிறேன். அலமாரிக்குள்ளோ துணிக்கு மேலோ வேண்டவே வேண்டாம்.

முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம் அது. இன்றைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு அது தேவையில்லை, பாதியில் எடுத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. “அப்ப ஏம்மா மாசக்கணக்குல சும்மா வச்சிருந்தா தீந்துபோகுது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய வகைகள் சும்மா இருந்தாலே தீர்ந்துவிடும். 2005-இல் சான்யோ எனலூப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அது மாறியது, இப்போது அது பானசோனிக்கின் பெயரில் வருகிறது. 10 ஆண்டு கழித்தும் 70 விழுக்காடு மிஞ்சும் என்று சொல்வது 20 டிகிரியில் வைத்திருந்தால். நம் வீட்டுச் சூட்டில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது, ஆனாலும் ரத்த அழுத்தக் கருவிக்கு எடுத்து வைத்த செட் மாமாவை இதுவரை ஏமாற்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. இப்போது யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஏறும் 1.5 வோல்ட் ஏஏ பேட்டரிகள் கடைகளில் நிறைய. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருப்பது லித்தியம். டார்ச்சுக்கான லித்தியம் பேட்டரி வேறு, இவை வேறு. இவற்றை இந்த மாதிரி சார்ஜரில் போடாதீர்கள். சாதாரண அல்கலைனையும் போடக் கூடாது, கசியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சார்ஜரில் போடக்கூடியவை, கூடாதவை என்று இரண்டு டப்பாவாகப் பிரித்து வையுங்கள்.

சரி, எல்லாருக்கும் இது தேவையா? ரிமோட்டும் பொம்மையும் மட்டும்தான் என்றால் தேவையில்லை. பானசோனிக்கின் பிகியூ-சிசி55 போதும். அதிலும் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனிக் கவனிப்பு உண்டு. எண் வராது, சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு மட்டும். இரண்டு ஏஏ ஒன்றரை மணி நேரத்தில், நான்கு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். என் தங்கைக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ஃபிளாஷ், கம்பியில்லா ஒலிவாங்கி என்று நடுவில் நின்றுபோகவே கூடாத கருவி வைத்திருப்பவர்களுக்கு ஓபஸ். எழுபது வெள்ளிக்குள் எனக்குக் கிடைத்தது.

சோதனையில் தேறாத பேட்டரிகளைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதில்லை. 2021 ஜூலை முதல் நடக்கும் மின்கழிவுத் திட்டத்தின் சேகரிப்புப் பெட்டிகள் பல கடைத்தொகுதிகளில் இருக்கின்றன. பேட்டரி போடும் வாய் எது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குபவர்கள் கூடவே வரும் 12 வோல்ட் அடாப்டரைக் கவனியுங்கள். இரண்டு முள் செருகியோடு வந்தால், அதன்மேல் இன்னொரு மாற்றியைப் பொருத்தி மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போனால் பாதுகாப்பு முத்திரை உள்ள, 3 ஆம்பியர் தாங்கும் மூன்று முள் அடாப்டர் கேட்கலாம். சார்ஜரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், முனையின் அளவு பொருந்துகிறதா என்று அங்கேயே செருகிப் பார்த்து வாங்கலாம்.