பழைய கணினியில் பொயிங்க்கும் வீடியோவும்: எம்பிவி பிளேயருக்கு மாறிய பின்னரான அனுபவம்

யாழ்ப்பாணத்தில் அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினிகளை மலிவாக வாங்கலாம். என் வீட்டில் இருப்பதும் அப்படி வந்த ஒன்றே: மூன்றாம் தலைமுறை இன்ரெல் ஐ5 புரொசெசர், நான்கு கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் கணிப்பு அலகுகள்), 8 ஜிபி நினைவகம்; தனியான கிராபிக்ஸ் அட்டை கிடையாது. அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, ஐன்ஸ்டைன் அட் ஹோம், வேர்ல்ட் கொம்யூனிட்டி கிரிட் ஆகிய தன்னார்வக் கணிப்புத் திட்டங்களுக்காக (கணினியின் சும்மா கிடக்கும் திறனை ஆய்வுக் கணக்கீடுகளுக்கு இரவல் கொடுப்பதே தன்னார்வக் கணிப்பு), அந்த வேலையை வாங்கிச் செய்யும் பொயிங்க் மென்பொருளை நெடுங்காலமாக ஓடவிட்டிருக்கிறேன். முன்னையது பல்சார்கள் என்னும் துடிக்கும் விண்மீன்களையும் ஈர்ப்பலைகளையும் தேடுகிறது. பின்னையது 2004இல் ஐபிஎம் தொடங்கி, இப்போது ரொறன்ரோவிலுள்ள கிரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. (இங்கே செய்த வேலையின் பலன் ரொறன்ரோவுக்குப் போவது எங்கள் ஊராருக்குப் புதினமல்ல.)

அதே கணினியில்தான் மாலையில் வீட்டார் கல்யாண வீட்டு டிவிடிகளையும், நல்லூர்த் திருவிழாப் பதிவுகளையும், யூரியூப்பையும் பார்க்கிறார்கள். பொயிங்க் தன் கணிப்புகளை லினக்ஸின் மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓட்டுவதால், வீடியோ பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும். நட்டப்படுவது கணிப்பு வேலை மட்டுமே. அதோடு, பிற மென்பொருள்கள் புரொசெசரில் 25 வீதத்துக்கு மேல் எடுத்தால் பொயிங்க் இயல்பாகவே வேலையை நிறுத்திவைக்கும். நான்கு கோர் உள்ள கணினியில் 25 வீதம் என்பது ஒரு முழுக் கோர். ஆகவே ஒரு கோரைச் சற்றுத் தாண்டி விழுங்கும் வீடியோ, மிச்சமிருக்கும் மூன்று கோர்களின் வேலையையும் சேர்த்தே முடக்கிவிடும். இலகுவான பிளேயர் ஒன்றைத் தேடத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

இலகு என்றவுடன் பலரும் சொல்வது எம்பிளேயர். நினைவகத்தை மிகக் குறைவாக எடுக்கும், உடனே திறக்கும். ஆயினும் புரொசெசருக்குள்ளேயே இருக்கும் இன்ரெல் கிராபிக்ஸ் சிப்புக்கு டிகோட் வேலையை (சுருக்கிய வீடியோவைப் படமாக அவிழ்ப்பதை) ஒப்படைக்க உதவும் விஏ-ஏபிஐ வசதி அதன் மூலப் பதிப்பில் இல்லாததால், எச்.264 என்ற வடிவத்தில் உள்ள வீடியோவை முழுக்கப் புரொசெசரே அவிழ்க்க வேண்டியிருந்தது. நினைவகத்தில் சில மெகாபைட் மிச்சம் பிடித்து, புரொசெசரில் அதைவிடப் பெரிய விலை கொடுக்கும் பிளேயரை நான் இலகுவானது என்று சொல்ல மாட்டேன்.

எம்பிளேயர் வழியில் கிளைத்த எம்பிவி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதிலும் வன்பொருள் டிகோடிங், அதாவது டிகோட் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது, இயல்பாக அணைந்தே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி இயக்க வேண்டும், அல்லது வீடியோ ஓடும்போது கன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்த வேண்டும். ஐ விசையை அழுத்தினால், டிகோட் வேலை எங்கே நடக்கிறது என்பது திரையிலேயே தெரியும். எனக்கு மிகப் பயன்பட்டது இந்த வசதிதான்; ஏனெனில் பொயிங்க் ஓடும் கணினியில் புரொசெசர் எப்போதும் நூறு வீதமாகவே காட்டும், மொத்த அளவைப் பார்த்து எதையும் அறிய முடியாது. வன்பொருள் டிகோடிங் இயங்கிய பின்னர், முழு எச்டி எச்.264 வீடியோவுக்கு எம்பிவி எடுத்துக்கொண்டது ஒரு கோரின் சிறு பகுதி மட்டுமே. பொயிங்க் நிற்கவில்லை.

பலரும் பயன்படுத்தும் விஎல்சி பிளேயரைக் குறை சொல்ல வரவில்லை. 2018இல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து வன்பொருள் டிகோடிங் அதில் இயல்பாகவே இயங்குகிறது. என் கணினியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடும் இல்லை. விசைகளை நினைவில் வைக்க விரும்பாத வீட்டாருக்கு, எம்பிவியையே உள்ளே வைத்து இயங்கும் செலுலாயிட் போதுமானதாக இருக்கிறது. டிவிடிகளைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். அந்தச் சிறிய எம்பெக்-2 படத்தை எந்தப் பிளேயரும் சிரமமின்றி ஓட்டும்.

உண்மையான சுமை யூரியூப்பில்தான். உலாவிக்கு அது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவத்தையே அனுப்புகிறது. மூன்றாம் தலைமுறை இன்ரெல் சிப்பினால் இவை இரண்டையும் டிகோட் செய்ய முடியாது. விபி9 முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1 வந்தது பதினோராம் தலைமுறையில். ஆகவே எந்தப் பிளேயரைப் போட்டாலும் அந்த வடிவங்கள் புரொசெசரின் தலையிலேயே விழும். எச்264இஃபை என்ற உலாவி நீட்சியை நிறுவி, எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கத் தொடங்கியதும், அதுவரை ஒவ்வொரு மாலையும் நின்றுபோன கணிப்பு தொடர்ந்து ஓடியது. பிளேயரை மாற்றியதைவிட இந்த மாற்றமே அதிக பலன் தந்தது என்பது என் எண்ணம். கைப்பேசியில் வரும், எச்இவிசி என்ற வடிவத்திலுள்ள வீடியோக் கோப்புகளுக்கு மட்டும் இன்னும் வழியில்லை. அவற்றைப் பார்க்கும்போது பொயிங்க் நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

சித்திரை, வைகாசி வெயிலில் பொயிங்க்குக்கு 75 வீதக் கோர்களை மட்டும் ஒதுக்குகிறேன். விசிறிச் சத்தம் குறைகிறது, மின்கட்டணம் அடுத்த படிக்கு ஏறுவது தள்ளிப்போகிறது, வீடியோவுக்கும் ஒரு கோர் எப்போதும் வெறுமையாக இருக்கிறது. நிறுத்திய வேலைகளை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தெரிவையும் இயக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும், கடைசியாகச் சேமித்த நிலைக்குப் பிந்திய கணிப்பு வீணாகும். மின்வெட்டுக்கு அந்தத் தெரிவு உதவாது, அதற்கு யுபிஎஸ்தான் வேண்டும்.

ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்ரெல் கணினி வைத்திருப்பவர்கள் பிளேயரை மாற்ற மெனக்கெட வேண்டியதில்லை. விஎல்சியில் வன்பொருள் டிகோடிங் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.