என்.டி.ஏ. கைகூடாத பிறகு: ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பதா, கல்லூரியில் சேர்ந்து மீண்டும் எழுதுவதா?

படை அதிகாரிகளாகப் பயிற்சி பெற என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் சோதிப்பது எஸ்.எஸ்.பி. எனப்படும் படைப்பணித் தேர்வு வாரியம். அங்கே கடைசி நாள் முடிவு அறிவிக்கும்போது பெயர்களை விட எண்களே காதில் விழும். நாள்கணக்கில் மார்பிலும் முதுகிலும் கட்டியிருந்த துணி எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். அழைக்கப்பட்ட சிலர் மருத்துவப் பரிசோதனைக்குத் தங்கிவிடுவார்கள். மற்றவர்கள் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குக் கிளம்புவார்கள். பெங்களூருவிலிருந்து ஈரோட்டுக்கோ மதுரைக்கோ திரும்பும் ரயிலிலேயே வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும்: “அடுத்து என்னப்பா செய்யப்போற?” கல்லூரியில் பல ஆண்டுகளாக என்.சி.சி. பொறுப்பாசிரியராக இருப்பவன் என்ற முறையில், இந்தக் கேள்வியோடு என் அறைக்கு வரும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் சொல்லி வருவதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 400 இடங்கள்தான், விண்ணப்பிப்பவர்களோ லட்சக்கணக்கானோர். எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என 900 மதிப்பெண். வாரியத்துக்கு இன்னொரு 900. இவ்வளவு நெருக்கடியில் தேர்வாகாமல் போவதே இயல்பு. அந்த வருத்தம் சில நாள் இருக்கத்தான் செய்யும். பிள்ளை பேசாமல் இருந்தால் பெற்றோர் அந்த நாள்களை அவனுக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. ஆனால் அடுத்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தவறியது எந்தக் கட்டத்தில்?

எழுத்துத் தேர்வில் தவறியவர், வாரியத்தின் முதல் நாளிலேயே திரும்பி வந்த ‘ஸ்கிரீன்ட் அவுட்’, கடைசி நாள் வரை இருந்து திரும்பிய ‘கான்பரன்ஸ் அவுட்’, மருத்துவப் பரிசோதனையில் தவறியவர், எல்லாவற்றிலும் தேறியும் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறாத ‘மெரிட் அவுட்’ ஆகிய ஐவருக்கும் ஒரே மருந்து கிடையாது. எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் அண்மை ஆண்டுகளில் 900-க்கு 290 முதல் 360 வரைதான் இருந்திருக்கிறது. ஆகவே அதை ஒருமுறை தாண்டிவிட்டு வாரியத்தில் தவறிய மாணவர், மறுபடியும் ஓராண்டு முழுவதையும் கணிதப் புத்தகங்களோடு கழிப்பது நோய் ஓரிடமும் மருந்து ஓரிடமுமாகப் போய்விடும். மெரிட் அவுட் ஆனவருக்கோ எழுத்துத் தேர்வில் கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பட்டியலில் மேலே ஏற உதவும். அவர் உட்கார்ந்து படிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. மருத்துவத்தில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதப்பட்டவர், காதில் மெழுகோ உடல் எடையோ எதுவானாலும் உடனே சரிசெய்துகொண்டு, சொல்லப்பட்ட கெடுவுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். இங்கே தாமதமே பெரிய எதிரி. விமானி ஆக விரும்புவோருக்கு நடத்தப்படும் கணினிவழி விமானித் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான்; அதில் தவறியவர் பறக்கும் பிரிவை விட்டுவிட்டு மற்றப் பிரிவுகளைப் பார்க்கலாம். வாரியத்துக்கே மீண்டும் மீண்டும் போவதற்கு எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. ஒரே வகை நுழைவுக்கு இரண்டாம் முறை போனால் பயணப்படி கிடைக்காது, அவ்வளவுதான்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான் நடக்கிறது. ஒன்று, கல்லூரியைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டிலிருந்தோ விடுதியோடு கூடிய பயிற்சி மையத்தில் சேர்ந்தோ ஓராண்டு முழுவதும் என்.டி.ஏ.வுக்கே படிப்பது. மற்றொன்று, ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, என்.சி.சி.யிலும் பெயர் கொடுத்துவிட்டு, வயது இருக்கும் வரை என்.டி.ஏ.வைத் தொடர்ந்து எழுதுவது.

முதல் வழியின் பலம் கவனச்சிதறல் இல்லாமை. கணிதத்தில் அடிப்படை வலுவில்லாத மாணவர், தமிழ் வழியில் படித்து ஆங்கில வினாத்தாளைக் கண்டு தயங்கும் மாணவர் ஆகியோருக்கு அந்த ஓராண்டு உண்மையாகவே உதவக்கூடும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஆனால் வயதுக் கணக்கைப் பார்த்தால் அந்த வழி எவ்வளவு குறுகியது என்பது புரியும். பயிற்சி தொடங்கும் நாளில் 16½ வயதுக்குக் குறையாமலும் 19½ வயதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கணக்கில் எடுக்கப்படுவது தேர்வு எழுதும் நாள் அல்ல, பயிற்சி தொடங்கும் நாள். பன்னிரண்டாம் வகுப்பை 17½ வயதில் முடிக்கும் மாணவருக்கு அதன்பிறகு இரண்டு அல்லது மூன்று தேர்வுகளே மிச்சம். அந்த இரண்டு மூன்று தேர்வுகளையும் கல்லூரி முதலாண்டிலிருந்துகொண்டே எழுத முடியும். எந்த விதியும் தடுக்கவில்லை. அப்படியிருக்க, கல்லூரியை ஏன் விட வேண்டும் என்பதே என் கேள்வி.

இதை என்னிடம் வந்து சேர்ந்த ஒரு மாணவரின் அனுபவம் எனக்கு அழுத்தமாக உணர்த்தியது. முதல் முயற்சியிலேயே எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூரு வாரியத்தில் கான்பரன்ஸ் அவுட் ஆனவர். பிறகு ஓராண்டு கல்லூரியில் சேராமல் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்தார். இரண்டாம் முறை எழுத்துத் தேர்வில் முன்பைவிடக் கூடுதல் மதிப்பெண். வாரியத்தில் முதல் நாளே பி.ஐ.கியூ. என்னும் தன்விவரப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் விளையாட்டு, பொழுதுபோக்கு, என்.சி.சி., ஏற்ற பொறுப்புகள் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. முன்பு எந்த வாரியத்துக்குப் போனீர்கள், அப்போதைய மார்பு எண் என்ன என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கடைசிக் கட்டம் ஒன்றைத் தவிர, முந்தைய ஆண்டு எழுதியதற்கு மேல் சேர்க்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. நேர்காணல் அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். தேர்வுக்குத் தயாரானேன் என்றார் இவர். அது தவிர? தினமும் காலையில் ஓடினேன். யாரோடு? “தனியாகத்தான் சார்.” அந்தப் பதில் தன் வாயிலிருந்து வந்தபோதே முடிவு தனக்குத் தெரிந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவரிடம் திறமைக் குறை எதுவும் இல்லை. ஆனால் வாரியம் தேடும் 15 அதிகாரிப் பண்புகளில், கூடிச் செயல்படுவது, பொறுப்பை ஏற்பது, குழுவைத் தன் பக்கம் ஈர்ப்பது போன்றவை மற்ற மனிதர்களோடு புழங்குவதால் மட்டுமே வளர்பவை. வீட்டிலும் பயிற்சி மையத்திலும் அடைபட்டுக் கிடக்கும் ஆண்டு, எதை வளர்க்க வேண்டுமோ அதையே வாடவிடுகிறது. அங்கே வாரியத்தின் உளவியல் தேர்வில் வரும் 60 சொற்களுக்கும் 60 சூழ்நிலைகளுக்கும் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்விக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு 15 வினாடி, 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடம் என்ற வேகத்தில், மனப்பாடம் செய்தவர் கையும் தன் வாழ்க்கையிலிருந்து எழுதுபவர் கையும் வெவ்வேறாகத் தெரிந்துவிடும்.

கல்லூரி வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். செமஸ்டர் தேர்வுகளும் என்.டி.ஏ. தேர்வும் ஒன்றோடொன்று மோதும். முதலாண்டில் வருகைப்பதிவு குறையும். வாரியத்துக்குப் போக விடுப்புக் கேட்டால் எல்லாத் துறைத்தலைவர்களும் முகம் மலர்ந்து கையெழுத்திடுவதில்லை. ஆனால் என்.டி.ஏ. வயது கடந்த பிறகும் அந்த மூன்றாண்டுகள் வீணாவதில்லை. பட்டதாரிகளைப் படை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வை இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக வாரியத்துக்கு அழைக்கும் என்.சி.சி. சிறப்பு நுழைவு இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் அது உண்டு. கணிதத்தைக் கண்டு அஞ்சும் கலைப் பிரிவு மாணவருக்கு இதைவிட நேரான பாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு வேறு இரண்டு வழிகளும் அதே வயதிலேயே இருக்கின்றன: ராணுவத்தின் 10+2 தொழில்நுட்ப நுழைவு, கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவு. இரண்டுக்கும் ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் பொறியியல் பட்டத்தோடு நிரந்தரப் பணி. நம் மாணவர்கள் பலர் என்.டி.ஏ. ஒன்றையே மனத்தில் வைத்துக்கொண்டு ஜே.இ.இ.யை எழுதாமல் விட்டுவிடுவதால், இந்த இரண்டையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

பட்டத்துக்குப் பிந்தைய வழிகளில், டேராடூனின் இந்திய ராணுவ அகாடமியையும் சென்னையின் அதிகாரிகள் பயிற்சி அகாடமியையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது, சி.டி.எஸ். விண்ணப்பத்தில் முன்னுரிமை வரிசை எழுதும்போது தடுமாறுபவர்கள் ஏராளம். டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள், வயது 19 முதல் 24 வரை, 18 மாதப் பயிற்சி, நிரந்தரப் பணி. சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் அகாடமிக்குக் கணிதத் தாள் இல்லை. வயது 25 வரை. 49 வாரப் பயிற்சி. 10 ஆண்டுக் குறுகியகாலப் பணி, விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள். இரண்டிலும் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. முக்கியமான வேறுபாடு ஓய்வூதியம். 14 ஆண்டுகளில் வெளியே வரும் அதிகாரிக்கு அது கிடைக்காது. நாற்பது வயதுக்கு முன்பே இன்னொரு வேலை தேட வேண்டியிருக்கும். சிறு குடும்பத்தின் ஒரே வருவாயாக இருக்கப் போகிறவர் இதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும். படைச் சீருடையே தன் விருப்பம், பிறகு வேறு துறைக்குப் போகவும் தயார் என்பவருக்கோ பரங்கிமலை எந்த வகையிலும் குறைந்த இடமல்ல. டேராடூன் கிடைக்காததால் பரங்கிமலைக்குப் போகிறேன் என்று தலை குனிந்து சொல்லும் மாணவர்களை நான் உடனே திருத்துவேன்.

பெண்களுக்கு இந்த ஒப்பீடு சற்று மாறும். உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆணைக்குப் பிறகு என்.டி.ஏ.வில் பெண்கள் 2022 முதல் சேர்கிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். இடங்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு பெண் என்.டி.ஏ.வை மட்டும் நம்பி ஓராண்டு காத்திருப்பது ஆண்களைவிடப் பெரிய பணயம். பரங்கிமலையில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெற்றுவருகிறார்கள் என்பதால், கல்லூரியும் என்.சி.சி.யும் சேர்ந்த வழியையே அவர்களுக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

ஆங்கிலம் பற்றி ஒரு சொல். வாரியத்தில் முதல் நாள் படம் பார்த்துக் கதை எழுதிய பிறகு நடக்கும் குழு உரையாடலில் நம் பிள்ளைகள் வாய் திறக்காமலே வெளியேறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு இலக்கண வகுப்பு தேவையில்லை. நான்கு நண்பர்கள் சேர்ந்து, தினமும் அரை மணி நேரம், தப்பும் தவறுமாகவேனும் ஆங்கிலத்தில் ஒரு செய்தியை விவாதித்தால் ஆறு மாதத்தில் தயக்கம் விலகிவிடும். கட்டணம் கட்டி வாங்கக்கூடிய எதையும்விட அது பயன் தரும்.

நான் மேலே சொன்ன மாணவர், தன்னைவிட ஒரு வயது இளையவர்களோடு முதலாண்டில் உட்கார வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தோடுதான் எங்கள் கல்லூரிக்கு வந்தார். இப்போது இறுதியாண்டு படிக்கிறார். சென்ற ஆண்டு பத்து நாள் என்.சி.சி. முகாமில் உணவுக்கூடத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. மூன்றாம் நாள் காய்கறி வண்டி வராமல் போக, நான்கு பேரை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய், கையிருப்புப் பணத்துக்குள் வாங்கி வந்து, மதியச் சாப்பாட்டை நேரத்துக்குப் போட்டார். போன வாரம் என் மேசையில் உட்கார்ந்து பழைய பி.ஐ.கியூ. படிவத்தின் நகல் ஒன்றை நிரப்பிப் பார்த்தார். முந்தைய நேர்காணல்களுக்கான கட்டத்தில் இரண்டு வரிகளையும் மார்பு எண்களோடு மறைக்காமல் எழுதினார். பொறுப்புகளுக்கான கட்டத்துக்கு வந்ததும், அங்கே இடம் போதவில்லை, எதை விடுவது என்று என்னிடம் கேட்டார்.