எஸ்எம்எஸ் கேட்வே: பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியா, யுஎஸ்பி டாங்கிளா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புளியைச் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு வெப்பநிலைக் கண்காணிப்பு மென்பொருளை அமைத்துக் கொடுத்தேன். அறையின் வெப்பம் வரம்பைத் தாண்டினாலோ, மின்சாரம் நின்றாலோ, பொறுப்பாளர்களுக்கு உடனே குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதே உரிமையாளரின் முதல் தேவையாக இருந்தது. மென்பொருளின் எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் எஸ்எம்எஸ் கேட்வேயாக மொத்தக் குறுஞ்செய்தி நிறுவனத்தின் சேவை, யுஎஸ்பி டாங்கிள் (சிம் போட்டுக் கணினியில் செருகும் சிறு மோடம்), பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி என்ற மூன்று வழிகளில் கடைசியைத் தேர்ந்தேன். இதே தேவை உள்ள மற்றவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

நிறுவனச் சேவையை விரைவிலேயே விலக்க முடிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, டிஎல்டி என்னும் பதிவுத் தளத்தில் நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் தலைப்பு, செய்தி வார்ப்புரு ஆகிய மூன்றையும் பதிவு செய்த பிறகே அவ்வழியில் செய்தி அனுப்ப இயலும். வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவோருக்கு முறையான வழி அது ஒன்றுதான். சொந்த சிம்மிலிருந்து விளம்பரம் அனுப்பினால் புகார் எழும், இணைப்பும் துண்டிக்கப்படும். எங்கள் செய்திகளோ கிடங்கின் ஊழியர்கள் சிலருக்கு மட்டுமே போகின்றன. மேலும் அந்தச் சேவையை இணையத்தின் வழியாகத்தான் அணுக வேண்டும். மின்சாரத்தோடு இணையமும் நின்றுபோகும் நேரத்தில்தான் எங்களுக்கு எச்சரிக்கை மிகவும் தேவைப்படுகிறது.

டாங்கிளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. மோடம்களுக்கான ஏடி கட்டளைகளால் நேரடியாக இயங்குவதும், கணினியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்ப உதவும் கம்மு போன்ற திறந்தமூல மென்பொருளோடு நன்கு பொருந்துவதும் அதன் பெரிய பலம். குறுக்கே நிற்க வேறொரு இயங்குதளம் இல்லை. ஆனால் வீடுகளில் எஞ்சிக் கிடக்கும் டாங்கிள்களில் பல 3ஜி காலத்தவை. ஏர்டெல் 2020 அளவில் 3ஜியை நிறுத்திவிட்டது; ஜியோவில் தொடக்கத்திலிருந்தே 2ஜியும் 3ஜியும் கிடையாது. ஆகவே பழைய டாங்கிள் எஞ்சியிருக்கும் 2ஜி அலைவரிசையை நம்பியே வாழ வேண்டும். புதிய 4ஜி மோடம் வாங்கினாலோ, அது குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்மில் குறுஞ்செய்தியையும் அனுப்புமா என்று வாங்கும் முன்பே சோதித்தறிய வேண்டும். தமிழில் அனுப்புவோருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 இடங்களே கிடைக்கும். ஒற்றின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி இடம் பிடிப்பதால் ‘வெப்பநிலை’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லே ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. நீண்ட செய்தியைப் பிரித்துச் சேர்க்கும் பொறுப்பைக் கைப்பேசி தானே ஏற்கிறது. கம்முவில் அதற்குரிய தெரிவுகளை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். கிடங்கு நான் இருக்கும் ஊரிலிருந்து தொலைவில் உள்ளது; அங்கு இரவில் இருப்பவர் ஒரு காவலாளி. டாங்கிள் நின்றுபோனால் அவர் பார்க்கக்கூடியது ஒரு சிறு விளக்கு மட்டுமே. கோளாறு சிம்மிலா, அலைவரிசையிலா, கணினியின் லினக்ஸ் இயங்குதளத்திலா என்பதைக் கண்டறிய நான்தான் போக வேண்டும். கைப்பேசியானால் சிக்னல் உண்டா, ரீசார்ஜ் முடிந்துவிட்டதா, செய்தி போகாமல் நிற்கிறதா என்பதைத் திரையைப் பார்த்தே அவர் எனக்குச் சொல்லிவிடுவார். அணைத்து மீண்டும் இயக்கவும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஓர் அமைப்பு எத்தனை நாள் நிற்காமல் ஓடும் என்பதைவிட, நின்றபின் அங்கிருப்பவரால் அதை எழுப்ப முடியுமா என்பதே தொழில்நுட்பம் தெரிந்த ஆளில்லாத இடங்களில் எடைபோட வேண்டியது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கைப்பேசியில் எஃப்-டிராய்டு என்னும் திறந்தமூலச் செயலிக் களஞ்சியத்திலிருந்து, லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் டெர்மக்ஸையும், கட்டளை வழியே குறுஞ்செய்தி அனுப்ப உதவும் அதன் ஏபிஐ துணைச் செயலியையும் நிறுவியிருக்கிறேன்; குறுஞ்செய்தி அனுமதி கோரும் செயலிகளுக்கு கூகுள் பிளே 2018இல் கடும் கட்டுப்பாடு விதித்ததால் இந்தச் சுற்றுவழி தேவைப்படுகிறது. கண்காணிப்பு மென்பொருளைத் தாங்கி யுபிஎஸ்ஸில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலேயே இணைந்து எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான இணைப்பின் வழியாகச் செய்தியை ஒப்படைக்கிறது. இடையில் ரூட்டர் இல்லை. கைப்பேசியின் சார்ஜரை மட்டும் யுபிஎஸ்ஸில் சேர்க்காமல் நேரடி மின்சாரத்தில் செருகியிருக்கிறேன். இதனால் சார்ஜ் ஏறுவது நின்றதைக் கொண்டே மின்வெட்டைக் கைப்பேசி தானாக அறிகிறது. ராஸ்பெர்ரி பை செயலிழந்தாலும் அந்தச் செய்தி போய்ச் சேரும். டாங்கிளிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆண்ட்ராய்டு 6இல் வந்த டோஸ் என்னும் உறக்கநிலை, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது செயல்படாது. மின்சாரம் போய்க் கைப்பேசி அசையாமல் கிடக்கும்போதுதான் செயலிகளை முடக்கத் தொடங்கும். ஆகவே டெர்மக்ஸுக்கு பேட்டரிச் சிக்கனத்திலிருந்து விலக்கு அளித்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் சோதிப்பது கட்டாயம். ஒரு செயலி குறுகிய நேரத்தில் 30 செய்திகளுக்கு மேல் அனுப்பினால் ஆண்ட்ராய்டு திரையில் அனுமதி கேட்டு நிற்கும்; ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்பப் போகாதபடி மென்பொருளில் இடைவெளி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு செய்தி வருமாறும் செய்திருப்பதால், அது வராத நாளில் விசாரித்துவிடுகிறோம். இருப்பு 20 ரூபாய்க்குக் குறைந்து 90 நாள்கள் பயன்பாடின்றிக் கிடக்கும் முன்கட்டண எண் துண்டிக்கப்படும் ஆபத்தும் இதனால் நீங்குகிறது.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பக்கூடும் என்பதுதான் எஞ்சியிருக்கும் கவலை. சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியுள்ள கைப்பேசியைத் தேடி எடுத்தேன். அது ஒரு கோடையைத்தான் கடந்திருக்கிறது என்பதால் நெடுங்கால உழைப்பைப் பற்றி உறுதி கூற மாட்டேன். அதன் பின்புறம் மேடிடுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைக் காவலாளி ஏற்றிருக்கிறார்.